கூரை போன வீடு பட்டியலில் இல்லை

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குப் பைத்தன் என்ற கணினி நிரல்மொழி படிப்பிக்கிறேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊர்கள் வெள்ளத்தில் நின்றதற்குப் பிறகு, மாரி வந்தால் நிவாரணப் பட்டியல் தயாரிக்கும் வேலையும் வரும்.

ஒருமுறை இரண்டு பட்டியல்கள் கிடைத்தன. ஒன்று, வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா? மற்றது, கூரை சேதமா? இரண்டில் ஒன்று இருந்தாலே தறப்பாள் கொடுக்க வேண்டும். என்னிடம் படிக்கும் தம்பி ‘வெள்ளம் ஓர் கூரை’ (ஓர் என்பது ஆங்கில or, ‘அல்லது’) என்று ஒரே வரியில் நிரலை முடித்திருந்தான். ஓடியது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. நானும் பார்த்துச் சரி என்றேன்.

மறுநாள் ஒரு அம்மா வந்தார். “தகரம் பறந்து வளவுக்குள்ள கிடக்குது. என்ர பேர் ஏன் இல்லை, பிள்ளை?”

நாலு வீட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ட்ரூ என்றால் ஆம், ஃபால்ஸ் என்றால் இல்லை.

வெள்ளம்: ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ, ஃபால்ஸ்
கூரை: ஃபால்ஸ், ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ்

வர வேண்டியது ட்ரூ, ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ். வந்ததோ வெள்ளப் பட்டியல் அப்படியே. இரண்டாவது வீடுதான் அந்த அம்மாவுடையது.

பைத்தன் பட்டியலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அது வெறுமையா இல்லையா என்பதுதான் அதற்குக் கணக்கு. நாலும் ஃபால்ஸ் என்றாலும் அந்தப் பட்டியல் வெறுமையில்லை என்பதால் பைத்தனுக்கு உண்மைதான். ‘ஓர்’ உண்மையான முதல் பட்டியலைத் தூக்கித் தந்துவிடும்; ‘அன்ட்’ (and) என்றால் இரண்டாவதைத் தரும். நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகத்தின் வரிசைகளில் இதே வரி பிழை காட்டி நின்றுவிடும். அங்கே | குறியைப் போட வேண்டும். சாதாரணப் பட்டியல்தான் சத்தமில்லாமல் ஏமாற்றுகிறது.

‘ஸிப்’ கொண்டு இரண்டையும் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடிக்கும் ‘ஓர்’ போடுவதுதான் வழி. ஆனால் ஒரு பட்டியல் குட்டையாக இருந்தால் ‘ஸிப்’ மிச்சத்தைப் பேசாமல் வெட்டிவிடும். 2021இல் வந்த பைத்தன் 3.10இலிருந்து ‘ஸ்ட்ரிக்ட்’ என்று கேட்டால் நீளம் பொருந்தாதபோது பிழை காட்டும். அதுவும் போதாது. ஒன்றில் நடுவிலே ஒரு வரி விடுபட்டு, கடைசியில் வேறொரு வரி கூடியிருந்தால் நீளம் பொருந்தும். இடையிலுள்ள வீடெல்லாம் பக்கத்து வீட்டின் விடையை எடுத்துக்கொள்ளும். அதனால் வரிசையை நம்பாமல் குடும்ப அட்டை இலக்கத்தை வைத்தே இணைக்கிறேன்.

அம்மாவுக்கு அன்று பின்னேரமே தறப்பாள் போய்ச் சேர்ந்தது. இப்போது எந்தப் பட்டியலும் வெளியே போகுமுன், மேலே உள்ள நாலு வீட்டை ஓடவிட்டு, இரண்டாவது வீட்டுக்கு என்ன வருகிறது என்று தம்பிமாரை வாசித்துக்காட்டச் சொல்கிறேன்.