ரீஃபாக்டரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஓடிக்கொண்டிருக்கும் கணினி நிரலை உள்ளே பிரித்து, அடுக்கி, மறுபடி கட்டுவதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். வெளியிலிருந்து பயன்படுத்துபவருக்கு எதுவும் மாறியிருக்கக் கூடாது. அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீடுதான் வர வேண்டும். புது வசதி சேர்ப்பதும் பிழை திருத்துவதும் இதில் சேராது. இதற்குத் தமிழில் இப்போது புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை வழுக்கி விழுவது இந்த நிபந்தனையில்தான்.

முதலில் வேரைப் பார்ப்போம். ஃபாக்டர் என்றால் லத்தீனில் 'செய்பவர்'. 'செய்' என்று பொருள்படும் ஃபாக்கெரே என்ற வினையிலிருந்து வந்தது. கணக்கில், ஒரு பெருக்குத்தொகையை உண்டாக்கும் எண்ணுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் பள்ளியில் படித்த 'காரணி' இதுவேதான். காரணி காரணத்திலிருந்து வந்தது, காரணம் 'செய்' என்று பொருள்படும் க்ரு என்ற சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது. காரணி என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகவே யோசித்திருக்கிறார்.

காரணிப்படுத்துவது என்ன வேலை? 6 + 10 என்பதை 2 × (3 + 5) என்று எழுதுகிறோம். இரண்டும் 16தான். மதிப்பு மாறவில்லை, எழுதும் வடிவம் மாறிவிட்டது. இரண்டு இடத்திலும் ஒளிந்திருந்த 2 வெளியே வந்து ஒரே இடத்தில் நிற்கிறது. 1980களில் ஃபோர்த் என்ற நிரல்மொழியில் எழுதியவர்கள் பெரிய நிரலைச் சிறு துண்டுகளாக உடைப்பதை ஃபாக்டரிங் என்றே சொன்னார்கள். 1990-இல் வில்லியம் ஒப்டைக்கும் ரால்ஃப் ஜான்சனும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் ரீஃபாக்டரிங் வருகிறது. 1992-இல் ஒப்டைக் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வேடும் இதைப் பற்றியதுதான். 1999-இல் மார்ட்டின் ஃபவுலரின் 'ரீஃபாக்டரிங்' என்ற நூல் வந்த பிறகு எல்லா நிரலாளர் வாயிலும் இந்தச் சொல் ஏறியது. ஏறியபின் நீர்த்தும் போனது. இன்று எதையாவது கலைத்துப் போட்டாலே ரீஃபாக்டரிங் என்கிறார்கள்.

நீர்க்காத பொருளில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் ஜிடிபியை (GDB) சொல்வேன். 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய திறமூல வழுநீக்கி அது, அதாவது நிரலில் உள்ள பிழையைத் தேட உதவும் கருவி. ஒரு நிரல் எங்கே, ஏன் விழுந்தது என்று பார்க்க, தொகுப்பி (நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்) விட்டுச்சென்ற குறியீட்டுத் தகவலை, அதாவது நிரலில் உள்ள பெயர்களைப் பற்றிய குறிப்புகளை, ஜிடிபி படிக்க வேண்டும். அந்தத் தகவல் சில நேரம் ஒழுங்காக இருக்காது. அதற்காக வேலையை நிறுத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அதனால் ஜிடிபிக்குள் பல தரத்தில் செய்திகள் உண்டு. எரர் வந்தால் அந்தக் கட்டளை அங்கேயே கைவிடப்படும். வார்னிங் வந்தால் சொல்லிவிட்டுத் தொடரும். இவற்றுக்கும் கீழே, குறியீடு படிக்கும்போது மட்டும் வரும் கம்ப்ளெயின்ட் என்று ஒரு வகை இருக்கிறது. ஒவ்வொரு வகைப் புகாரையும் எத்தனை முறை சொல்லலாம் என்று நாம் வரம்பு வைக்கலாம். வழக்கமான வரம்பு 0, அதாவது வாயே திறக்காது. மூலநிரலில் இந்த வரம்பைத் தாங்கும் மாறியின் பெயர் 'ஸ்டாப் வைனிங்'. சிணுங்கினது போதும் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

புகாரை வெளியிடும் வேலையைச் செய்யும் நிரல்துண்டு, அதாவது செயற்கூறு, ஒன்று உண்டு. அதை அழைக்கும் இடம் ஒவ்வொன்றிலும், எந்தப் பட்டியலைச் சேர்ந்த புகார் என்பதை முதல் ஆர்குமென்ட்டாக (அழைக்கும்போது கொடுக்கும் தகவலாக) கொடுக்க வேண்டியிருந்தது. பல பட்டியல்களுக்கு இடம் விட்ட ஏற்பாடு அது. ஆனால் எல்லா அழைப்பிலும் வந்தது ஒரே பட்டியல்தான், குறியீட்டுக் கோப்புகளுக்கானது. 2018-இல் அந்த ஆர்குமென்ட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சொல்லாமலே புரிவதைச் செயற்கூறே பார்த்துக்கொண்டது. இதைவிடச் சுத்தமான காரணிப்படுத்தலைக் காட்டுவது கடினம். எல்லா உறுப்பிலும் இருந்த 2 வெளியே வந்துவிட்டது, கூட்டினால் அதே 16.

ஆனால் இப்படிச் செய்தி சொல்லும் நிரலில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே சொற்களே வெளியீடு. பழைய ஜிடிபியில் புகார் வரி 'குறியீடு படிக்கையில்' என்ற பொருளில் தொடங்கி ஒரு காற்புள்ளி போடும். இப்போதைய பதிப்புகளில் அதே இடத்தில் முக்காற்புள்ளி இருக்கிறது. ஒரு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் ஜிடிபியின் சோதனைகள், திரையில் வந்த எழுத்தை எதிர்பார்த்த எழுத்தோடு ஒப்பிட்டுத்தான் தேர்ச்சி சொல்கின்றன. புள்ளி மாறினால் சோதனை விழலாம். ஆர்குமென்ட்டை எடுத்தது ரீஃபாக்டரிங், புள்ளியை மாற்றியது அல்ல. அது நல்ல மாற்றமாகவே இருக்கட்டும், வேறு பெயரில் செய்ய வேண்டியது.

சரி, தமிழுக்கு வருவோம். அதிகம் புழங்குவது மறுசீரமைப்பு. 1956-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது எல்லைகள் மாறின, அங்கே வசித்தவர்கள் சிலருக்கு ஆட்சிமொழியே மாறியது. கடன் மறுசீரமைப்பில் தவணை மாறுகிறது. எதுவும் மாறாமல் இருப்பதற்கு இந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? செப்பனிடல் என்றால் ஏற்கெனவே பழுது இருந்தது என்றாகிவிடும். மீளமைப்பு என்றால் கைப்பேசியை ரீசெட் செய்வதுதான் பலருக்கும் நினைவு வரும். மறுகாரணிப்படுத்தல் பொருளில் சரி. ஆனால் ஒரு கூட்டத்தில் இதை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஆங்கிலத்துக்கே ஓடிவிடுவீர்கள்.

சீர்திருத்தம் என்ற சொல்லைத் தள்ளத்தான் எனக்குக் கொஞ்சம் மனம் வரவில்லை. 1978-இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம் கிட்டத்தட்ட இதே வேலைதான். அதற்கு முன்பு லை, ளை, னை, ணை ஆகிய நான்கு மட்டும் மேலே தும்பிக்கை வைத்த தனி வடிவத்தில் இருந்தன. கை, தை, மை எல்லாம் இணைக்கொம்போடு எழுதும்போது இவற்றுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு என்று தும்பிக்கையை எடுத்துவிட்டார்கள். ஒலியும் பொருளும் அப்படியே இருக்க, விதிவிலக்கு மட்டும் போனது. ஆனாலும் சீர்திருத்தம் என்றவுடன் சமூகச் சீர்திருத்தம், தேர்தல் சீர்திருத்தம் என்று விளைவையே மாற்றும் பெரிய வேலைகள் முன்னால் வந்து நிற்கின்றன.

எனக்குப் பிடித்த தடம் இலக்கணத்தில் இருக்கிறது. 'செய்தான்' என்ற பகுபதத்தைச் செய் + த் + ஆன் என்று பிரிக்கிறோம். பிரித்த பிறகும் சொல் அதே சொல்தான், அதன் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவே. காரணியின் வேலையைப் 'பகு' என்ற வினை அழகாகச் செய்கிறது. அதோடு அடுக்கிக் கட்டும் வேலையைச் சேர்த்தால் பகுத்தமைத்தல். இது என் பரிந்துரைதான், அகராதியில் தேட வேண்டாம். பெயராகப் பகுத்தமைப்பு, வினையாகப் பகுத்தமைத்தேன், ஏவலாகப் பகுத்தமை என்று எல்லா வடிவிலும் மடங்குகிறது. 'மறு' என்ற முன்னொட்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது களங்கம் என்றும் பொருள்படும், மறுத்தல் என்றும் பொருள்படும்.

கம்ப்ளெயின்ட்டுக்குப் புகார் போதும், இலங்கையில் முறைப்பாடு என்பார்கள். எச்சரிக்கை அதைவிடக் கனமானது, வார்னிங்குக்கு விட்டுவைக்கலாம்.

ஜிடிபியின் அந்த மாற்றத்தைத் தமிழில் குறிப்பெழுதிப் பதிவதானால் இப்படி எழுதுவேன்: 'புகார்ச் செயற்கூற்றைப் பகுத்தமைத்தேன்; முதல் ஆர்குமென்ட் நீக்கம்; வெளியீட்டில் மாற்றமில்லை.' காற்புள்ளிக்குத் தனிப் பதிவு: 'புகார் வாசகத்தை மாற்றினேன்; சோதனைகளையும் பார்க்கவும்.'