காம்பவுண்ட் சுவர் மண்ணைத் தாங்காது

சாலையை உயர்த்திக்கொண்டே போகிறார்கள், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று மனையில் நாலடி, ஐந்தடி மண் கொட்டி மேடாக்குகிறோம். சரி, வேறு வழியில்லை. ஆனால் அந்த மண்ணை எது பிடித்து நிறுத்துகிறது என்று போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பழைய ஒன்பது அங்குலச் செங்கல் காம்பவுண்ட் சுவர்தான். சில இடங்களில் அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது!

காம்பவுண்ட் சுவருக்குத் தன் எடையையும் காற்றையும் தாங்கத் தெரியும், அவ்வளவுதான். மண்ணோ பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். மண்ணின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரை அடியில் கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்கு. பத்தடி உயரத்துக்குக் காய்ந்த மணற்பாங்கான மண் நின்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரின் மேல் சுமார் 2.7 டன் விழுகிறது. அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் தேங்கிவிட்டால் ஏறக்குறைய 6 டன். கோடை முழுக்க நின்ற சுவர் ஐப்பசி மழையில் சாய்வது இதனால்தான்.

அதனால்தான் மண்ணைத் தாங்கவென்றே கட்டும் தடுப்புச் சுவரில், தண்ணீர் வடிய வீப் ஹோல் என்ற துளைகள் வைக்கிறோம். மூன்று, நான்கு அங்குல பிவிசி குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சரித்து, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகப் பதிக்க வேண்டும். பின்னால் ஜல்லி நிரப்பாவிட்டால் ஒரே மழையில் சேறு அடைத்துவிடும். பெயின்டில் கறை படிகிறது, எலி வருகிறது என்று பிறகு அதைச் சிமென்ட் வைத்து மூடுபவர்களும் உண்டு. என்ன சொல்ல!

குறைந்த உயரத்துக்குக் கருங்கல் சுவர் போதும். அது தன் எடையாலேயே நிற்பது. அடி அகலம் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மலைப்பாதைகளில் பார்க்கும் கேபியன், கம்பி வலைக் கூடையில் கல்லை நிரப்பி அடுக்குவது. தண்ணீர் தானாகவே வழிந்துவிடும். பத்தடியைத் தாண்டினால் கான்கிரீட் கான்டிலீவர் சுவர். இதன் அடித்தளம் மண் பக்கமாக நீண்டிருக்கும். அதன் மேல் உட்காரும் மண்ணே சுவரைக் கவிழாமல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இருபது அடிக்கு மேல் போனால், பின்பக்கம் இடைவெளி விட்டுக் குறுக்குச் சுவர் கொடுக்கிற கவுன்டர்ஃபோர்ட். மேம்பாலம் ஏறும் இடத்தில் தெரியும் கான்கிரீட் பலகைகள் வேறு வகை. மண்ணுக்குள் படுக்கைவசமாகப் புதைத்த பட்டைகள் அவற்றைப் பிடித்திருக்கின்றன.

கான்டிலீவர் சுவரில் கான்கிரீட் போடும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: செங்குத்தான மெயின் கம்பி மண் பக்கம் இருக்க வேண்டும். சுவர் வெளியே வளையும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான். வெளிப்பக்கம் கட்டிவிட்டால் எவ்வளவு கம்பி போட்டும் பிரயோஜனமில்லை.

அப்புறம், களிமண்ணையும் கரிசலையும் பின்னால் நிரப்ப வேண்டாம். நனைந்தால் அவை உப்பிவிடும், கிராவல் அப்படியில்லை.

ஏற்கெனவே காம்பவுண்ட் சுவரை அண்டி மண் கொட்டியாகிவிட்டதா? தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தால் விரிசலைப் பூசி மறைக்காதீர்கள். வெளிப்பக்கம் யாரும் நடமாடாமல் தடுத்துவிட்டு உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்; பெரும்பாலும் அவர் முதலில் சொல்வது, மேல் மண்ணை இரண்டடி இறக்குங்கள் என்பதுதான்.