காரின் சைலன்சரில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது: ராமநாதபுரம் கடற்கரை வாகன உரிமையாளர்களுக்கு ஒரு விதி விளக்கம்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் கரையோர ஊர்களிலும், மண்டபம் தாண்டி ராமேசுவரத்திலும் கார் வைத்திருப்பவர்களுக்குத் தவிர்க்க முடியாத செலவு ஒன்று உண்டு. உப்புக்காற்றில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுகிறது. உள்நாட்டில் பல ஆண்டுகள் தாங்கும் குழாய் இங்கே அதற்கு முன்பே இற்றுவிடுகிறது. அரிச்சல்முனைச் சாலையில் இருபுறமும் கடலை வைத்துக்கொண்டு நாள்தோறும் சவாரி போகும் சுற்றுலா வண்டிகளின் நிலை இன்னும் மோசம். பட்டறைக்குப் போனால் இரண்டு யோசனைகள் கிடைக்கும். ஒன்று, இற்றுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்வது. மற்றொன்று, நடுவில் இருக்கும் 'கேட்' என்னும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போடுவது. செலவு குறைவு, இழுவை கூடும் என்று சொல்லப்படும். முதலாவது பழுதுபார்த்தல், இரண்டாவது சட்டமீறல். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததால் பலர் நல்லெண்ணத்தோடு செலவு செய்தும் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால், விதி சொல்வதையும், அதைக் காரே எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் அமையும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மீறும் மாற்றங்களுக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஒலியைக் குறைக்கும் சைலன்சர் பொருத்தியிருக்க வேண்டும் என்கிறது. 115ஆம் விதி புகையின் அளவுக்கு வரம்பு வைக்கிறது. இவற்றில் எதுவும் பழுதுபார்ப்பதைத் தடுக்கவில்லை. இற்றுப்போன குழாயை அதே அளவில், அதே வழித்தடத்தில், அதே வேலையைச் செய்யும் குழாயால் மாற்றலாம். தொங்கும் ரப்பர், கேஸ்கெட், கிளாம்ப் எதையும் மாற்றலாம். புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தையும், ஒலியை அடக்கும் பாகத்தையும் அகற்றவோ வெறும் கூடாக்கவோ கூடாது என்பதுதான் எல்லைக்கோடு.

அந்தப் பாகத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பது நியாயமே. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் அடைப்பு இருக்கிறது; அதன் நுண்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய நச்சு வாயுக்கள் அந்தச் சூடான சுவர்களில் பட்டு, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் என மாறி வெளியேறுகின்றன. கழற்றிய கன்வெர்ட்டருக்குப் பழைய இரும்புச் சந்தையில் தனி விலை இருப்பதற்கும் இந்த உலோகங்களே காரணம். நேர்க்குழாயை இலவசமாகவே போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் வண்டியிலிருந்து எடுக்கும் பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பாகம் வேலை செய்கிறதா என்பதைக் காரே கண்காணிக்கிறது. ஓ.பி.டி. எனப்படும் பழுதறி அமைப்பு, பெட்ரோல் காரில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சாரையும் பின்னால் ஒன்றையும் வைத்திருக்கிறது. வழக்கமான வகைச் சென்சார்களில், முன்னால் உள்ளதன் மின்னழுத்தம் சுமார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்துச் செலவழிப்பதால், பின்னால் உள்ளது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் இரண்டும் ஒன்றுபோல ஆடத் தொடங்கும். அந்த ஒற்றுமையை எஞ்சின் கணினி கவனித்து பி0420 என்னும் குறியீட்டைப் பதிந்து, மீட்டர் பலகையில் மஞ்சள் நிற செக் எஞ்சின் விளக்கை எரியவிடும்.

எந்தக் கார்களில் இது உண்டு என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது. வாகனப் புகைக்கான 'பாரத் ஸ்டேஜ்' (பி.எஸ்.) தரங்களில் நான்காவதான பி.எஸ்.4 தரத்துடன் 2010 ஏப்ரலில் ஓ.பி.டி.யின் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஆனால் பி.எஸ்.4 தரம் தொடக்கத்தில் பெருநகரங்களுக்கே கட்டாயமாக இருந்தது. நாடு முழுவதற்கும் அது கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல்தான். எனவே நம் மாவட்டத்தில் டி.என்.65 எண்ணுடன் அதற்கு முன் பதிவான சில கார்களில் இந்த அமைப்பு முழுமையாக இல்லாமல் இருக்கலாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6, 2023 ஏப்ரலில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டம் ஆகியவற்றில் கண்காணிப்பு மேலும் இறுகியிருக்கிறது. உங்கள் கார் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதை ஆர்.சி.யில் பாருங்கள்.

உப்புத் துரு இந்தக் கண்காணிப்பையும் பாதிக்கிறது என்பது நம் பகுதிக்கே உரிய சிக்கல். துரு முதலில் பிடிப்பது இணைப்புத் தட்டுகளிலும் வெல்டிங் ஓரங்களிலும்தான். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் துருவின் செம்பழுப்பு மீது மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விசிறிபோல விரிந்திருக்கும். அது கசியும் புகையின் கரி. அந்தக் கசிவு முன் சென்சாருக்கு அருகில் இருந்தால், புகை துடிப்புத் துடிப்பாக ஓடும்போது வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதை எரிபொருள் குறைவு என்று தவறாகப் படிக்க, கணினி பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், கூடுதல் பெட்ரோல் கன்வெர்ட்டரையே நாளடைவில் கெடுக்கும். எனவே விளக்கு எரிந்தவுடன் சென்சாரையோ கன்வெர்ட்டரையோ மாற்றச் சொன்னால், முதலில் கசிவைத் தேடச் சொல்லுங்கள். பல ஆயிரம் ரூபாய் பாகத்துக்குப் பதில் ஒரு கேஸ்கெட்டோடு வேலை முடிந்துவிடக்கூடும். ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் காரில் தரைப்பகுதிக் கசிவு உயிருக்கே ஆபத்து என்பதையும் மறக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அதே ஓட்டை புகைப் பரிசோதனையிலும் தடையாகும். பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு, எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்றில் வைத்து லாம்டா என்னும் காற்று எரிபொருள் விகித எண்ணையும் அளக்கிறார்கள். பொதுவாக அது 0.97க்கும் 1.03க்கும் இடையே இருக்க வேண்டும். குழாயில் ஓட்டை இருந்து வெளிக்காற்று கலந்தால் எஞ்சின் நன்றாக இருந்தும் இந்த எண் தவறும். தேறாத வண்டிக்குக் காரணம் குறித்த நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும் என்பது 2021 முதல் விதி. அதைக் கேட்டு வாங்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எங்கே தேடுவது என்று அவருக்குப் புரியும்.

விளக்கை அணைக்கச் சிலர் செய்யும் வேலைகளையும் சொல்லியாக வேண்டும். பின் சென்சாரைக் குழாயிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க ஓர் இடைத்துண்டைச் சொருகுவது, கணினியின் மென்பொருளில் அந்தக் கண்காணிப்பையே நிறுத்துவது, மலிவான புளூடூத் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சொருகியில் செருகிக் குறியீட்டை அழிப்பது ஆகியவை அவற்றுள் சில. ஸ்கேனரால் குறியீட்டைப் படிப்பதில் தவறே இல்லை; உரிமையாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் அது. காரணத்தைச் சரிசெய்யாமல் அழிப்பதால்தான் பயனில்லை, ஏனெனில் அழித்தவுடன் கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து நடத்தி, சில ஓட்டங்களுக்குப் பின் அதே குறியீட்டை மீண்டும் பதியும். மற்ற இரண்டும் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள்.

பி.எஸ்.6 டீசல் வண்டிகளுக்கும் இதே நிலைதான். கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு எளிதில் ஏறாது. வடிகட்டி விளக்கு எரிந்தால் வண்டிக் கையேடு சொல்லும் முறைப்படி மதுரைச் சாலையில் சீரான வேகத்தில் நீண்ட ஓட்டம் ஓட்டுவதே தீர்வு, அதைக் கழற்றுவது அல்ல.

தண்டனைக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒலி, காற்று மாசு வரம்பை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவருக்கு 190(2) பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அத்துடன் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அபராதத்தை விட இந்த மூன்று மாதம்தான் பெரிய அடி. வண்டியை மாற்றியவர் முதலாளியாக இருந்தாலும் ஓட்டியவரும் பதில் சொல்ல வேண்டும். சந்தேகம் எழுந்தால், 116ஆம் விதிப்படி காவல் உதவி ஆய்வாளரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ வண்டியைப் புகைப் பரிசோதனைக்கு உட்படுத்தி ஏழு நாட்களுக்குள் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று காட்டும்படி எழுத்தில் ஆணையிடலாம். புதிய காருக்கு முதல் ஓராண்டுக்குப் பின் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று கட்டாயம், பி.எஸ்.4, பி.எஸ்.6 கார்களுக்கு அது ஓராண்டும், பழைய தர வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும்.

சைலன்சர் மாற்றும்போது பாகத்தின் எண், மாற்றிய பகுதி ஆகியவை தெளிவாக எழுதப்பட்ட பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து இழப்பீடு கேட்கும்போதும் அது உதவும். பெட்ரோல் காரை சி.என்.ஜி.க்கு மாற்றுவதாக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட கிட்டைப் பொருத்தி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய கார் வாங்குவோர், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள்: செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் அது எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கக்கூடும். விலை பேசுவதற்கு முன் வண்டியைத் தூக்கி, கன்வெர்ட்டர் தன் இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.