முழுவதையும் எடுக்காமலே முழுக்கணக்கு

சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்ததும் சில நேரம் பெயிண்ட் நெடி வருகிறதே, அது என்ன, அதை அளக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உறையில் அச்சிடும் மையை எத்தில் அசிட்டேட் போன்ற, விரைவில் ஆவியாகும் கரைப்பான்களில் கலக்கிறார்கள். அச்சு இயந்திரத்தின் சூடான காற்று அதில் பெரும்பகுதியை விரட்டிவிடும். மைப்படலத்திலும் அடுக்குகளை ஒட்டும் பசையிலும் சிக்கிக்கொண்ட சிறிதளவுதான் பின்னர் நெடியாக வருகிறது. அச்சகங்களில் முகர்ந்து பார்த்துச் சோதிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் மூக்கு எண் சொல்லாது.

ஆய்வகத்தில் உறையை நறுக்கிக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, இறுக மூடிச் சூடாக்குவார்கள். கரைப்பானின் ஒரு பகுதி உறையிலிருந்து மேலே உள்ள காற்றிடத்துக்கு வந்து சமநிலை அடையும். அந்தக் காற்றில் சிறிதளவை எடுத்து, வாயுக்கலவையைப் பிரித்து அளக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃபுக்குள் செலுத்தினால், கரைப்பானின் அளவுக்கேற்ற பரப்புடன் வரைபடத்தில் ஒரு முகடு தோன்றும். இதுவரை சிக்கலில்லை. ஆனால் காற்றுக்கு வந்தது எவ்வளவு என்பதை மட்டுமே முகடு சொல்கிறது. உறைக்குள் தங்கிவிட்டது எவ்வளவு? திரவமாக இருந்தால், தெரிந்த அளவு கரைப்பானை அதே திரவத்தில் கலந்து ஒப்பிடலாம். அச்சாகி உலர்ந்த படலத்துக்குள் அதைச் சீராகப் புகுத்துவது எளிதன்று.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. 1970-களின் தொடக்கத்தில் மெக்காலிஃப் என்ற ஆய்வாளர் நீரில் கரைந்த ஹைட்ரோகார்பன்களுக்குக் கையாண்ட இந்த வழியை, திடப்பொருள்களுக்கு ஏற்ற முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் புரூனோ கோல்ப். முதல் அளவீடு முடிந்ததும் குப்பிக்குள் அழுத்தத்தோடு இருக்கும் காற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு, மீண்டும் சமநிலை வரும்வரை காத்திருந்து, அதே குப்பியைத் திரும்ப அளக்க வேண்டும். சோப்புத் துணியை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீரில் அலசினால், மிச்சமிருக்கும் சோப்பில் ஏறக்குறைய ஒரே பங்கு போவதைப் போல, ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சிய கரைப்பானில் ஒரே பங்கு வெளியேறுகிறது. முகடுகளின் பரப்பு 1000, 600, 360, 216 என்று இறங்குவதாகக் கொள்வோம். விகிதம் 0.6. பள்ளியில் படித்த முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதலைப் போட்டால், 1000 ÷ (1 − 0.6) = 2500. கரைப்பான் தீரும்வரை அளந்துகொண்டிருந்தால் கிடைத்திருக்கும் மொத்தம் இதுதான். உறை கரைப்பானை எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் அதனால் மாறுவது விகிதம்தான், மொத்தமன்று.

இனி ஒப்பீட்டுக்கு உறையே தேவையில்லை. வெற்றுக் குப்பியில் 0.9 மில்லிகிராம் எத்தில் அசிட்டேட்டை முழுக்க ஆவியாக்கி அதே சுற்றுகளை நடத்தினால் 2700, 1080 என்று வருகிறது எனில், விகிதம் 0.4, கூடுதல் 4500. அப்படியானால் உறையில் இருந்தது 0.5 மில்லிகிராம். நறுக்கிய உறை 500 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 மில்லிகிராம்.

கணக்கு அழகானது, குப்பிக்குள் நடப்பது எப்போதும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. முகடுகளின் பரப்புகளுக்கு மடக்கை (லாக்) எடுத்துச் சுற்றுவாரியாக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கோடு வளைந்தால், சமநிலை வருமுன் அவசரப்பட்டிருக்கலாம், அல்லது மாதிரி அதிகமாகியிருக்கலாம். காகிதம் கலந்த உறையில் செல்லுலோஸின் பரப்பு கரைப்பானை விடாமல் பற்றிக்கொள்ளும். சில துளி நீர் விட்டால் நீர் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு கரைப்பானை வெளியே தள்ளும். சூடு மிகுந்து பிளாஸ்டிக்கோ மையோ சிதைந்து புதிய ஆவி உண்டானால், முகடுகளின் பரப்பு இறங்க மறுக்கும். இத்தனை பொறுமைக்கும் வாயுவும் குப்பிகளும் ஆளும் வேண்டும். கருவி வாங்கும்போது காட்டும் தாராளத்தை அதை ஓட்டும் செலவில் நம் நிதி ஒதுக்கீடுகள் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஒருவகை உறைக்குக் கோடு நேராக வருகிறது என்று ஒருமுறை உறுதியானபின், அன்றாடச் சோதனைக்கு இரண்டு சுற்றுகளே போதும். முதல் பரப்பின் வர்க்கத்தை இரு பரப்புகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அதே 2500 கிடைக்கும். மையோ பசையோ மாறினால் மட்டும் நான்கைந்து சுற்றுகள் அளந்து, கோட்டை மீண்டும் வரைந்து பார்க்க வேண்டும்.