டெமோ மின்சாரக் கார்: பேரத்தை எங்கிருந்து தொடங்குவது?

கோயம்புத்தூர் ஷோரூம்களில் டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய மின்சாரக் கார்கள், அதாவது டெமோ வண்டிகள், ஒரு கட்டத்தில் விற்பனைக்கு வருகின்றன. புது மாடல் வரும்போதும், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதும், டிசம்பரில் வருடம் மாறப்போகும்போதும் அவற்றைக் கைமாற்றிவிட டீலருக்கு அவசரம் இருக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து பலர் இதைக் கேள்விப்பட்டு இறங்கிப் போகிறார்கள். போனவர்களில் சிலர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பும், பலர் கொடுத்த பிறகும் குன்னூரில் உள்ள என் பட்டறைக்கு வந்து, “வண்டியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்கிறார்கள். கொடுத்த பிறகு வருகிறவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் கோத்தகிரிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் வந்தார். பதினோரு மாத டெமோ வண்டி, 9,000 கிலோமீட்டர் ஓடியது. “ஒன்றரை லட்சம் குறைச்சுத் தர்றாங்க அண்ணா, எடுத்துடலாமா?” என்றார்.

“எந்த விலையிலிருந்து குறைக்கறாங்க டீச்சர்?”

அவர் கையில் இருந்த தாளில் ஆன்-ரோடு விலை என்று ஒரு தொகை இருந்தது. அது அந்த வண்டி ஷோரூமுக்கு வந்த நாளின் விலை. அதற்குப் பிறகு அதே மாடலின் விலை இறங்கியிருந்தது. மின்சாரக் கார்களில் இது நடக்கக்கூடியதுதான். 2024 பிப்ரவரியில் பேட்டரி செல் விலை குறைந்ததைச் சொல்லி டாடா நிறுவனம் நெக்ஸான் இவி விலையை 1.2 லட்சம் வரையிலும் டியாகோ இவி விலையை 70,000 வரையிலும் குறைத்தது. அதற்கு முந்தைய வாரம் டெமோ வண்டி வாங்கியவரின் “தள்ளுபடி” என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டீலர் அன்று என்ன விலை போட்டு எடுத்தார் என்பது அவருடைய கணக்கு. அதே மாடலை இன்று புதிதாக வாங்கினால், இந்த மாதச் சலுகைகளெல்லாம் போக, கையிலிருந்து எவ்வளவு போகும்? உங்கள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாலை வரியையும் கவனியுங்கள். பெட்ரோல் டெமோ வண்டி என்றால், “ரோடு டேக்ஸ் ஏற்கெனவே கட்டியாச்சு, அது உங்களுக்கு லாபம்” என்று சொல்வதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கைப்படி பேட்டரி வண்டிகளுக்கு 2025 இறுதி வரை சாலை வரி முழு விலக்கு. அந்தக் காலத்தில் பதிவான வண்டிக்கு அந்த வரியே கட்டப்படவில்லை. கட்டாத வரியை லாபமாகக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எவ்வளவு குறைத்துக் கேட்பது? எல்லோரும் ஏற்கும் ஓர் அளவுகோல் இன்சூரன்ஸில் இருக்கிறது. காப்பீட்டு மதிப்பைக் கணக்கிட, ஆறு மாதம் வரையான வண்டிக்கு 5 சதவீதமும், ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடம் வரை 15 சதவீதமும், இரண்டாம் வருடத்தில் 20 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். இன்றைய விலை 14 லட்சம், புது வண்டிக்கே 50,000 சலுகை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 13.5 லட்சம். அதில் 15 சதவீதம் போனால் சுமார் 11.5 லட்சம். இது சாதாரணமாக ஒருவர் ஓட்டிய பதினோரு மாத வண்டிக்கான மதிப்பு. பலர் கைபட்ட டெமோ வண்டிக்கு இதற்குக் கீழேதான் பேச்சைத் தொடங்க வேண்டும். 14 லட்சத்தில் ஒன்றரை லட்சம் குறைத்தால் அது 11 சதவீதத்தைக்கூட எட்டாது.

ஆனால் இந்த எண்ணைச் சொல்வதற்கு முன்பு பேட்டரி அறிக்கையைக் கேளுங்கள். என் அனுபவத்தில் பேரம் அங்கேதான் ஆரம்பமாகிறது. மின்சாரக் காரில் விலை உயர்ந்த பாகம் பேட்டரிதான். அது தேய்ந்திருக்கிறதா என்பது பார்வைக்குத் தெரியாது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினால் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம், செல்களுக்குள் மின்னழுத்த வித்தியாசம் எவ்வளவு, பதிவாகியிருக்கும் கோளாறுகள் என்ன என்று பார்க்கலாம். சில மாடல்களில் எத்தனை முறை ஃபாஸ்ட் சார்ஜ் செய்தார்கள் என்பதும் வரும். அதைச் சேசிஸ் எண், தேதியோடு பிரிண்ட் எடுத்து, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். “டிஸ்பிளேல நூறு காட்டுது பாருங்க சார்” என்பது பதில் இல்லை. நூறு என்பது இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். பானையே சுருங்கியிருந்தாலும் நிரப்பினால் நூறுதான்.

டெமோ வண்டி என்றதும், “கண்டபடி ஓட்டியிருப்பாங்க” என்று கிலோமீட்டரை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பேட்டரிக்கு 9,000 கிலோமீட்டர் ஒரு பெரிய ஓட்டமே இல்லை. நான் கவலைப்படுவது அது நின்றிருந்த நேரத்தைப் பற்றி. தினமும் காலையில் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, கோயம்புத்தூர் வெயிலில் ஷோரூம் வாசலில் நாள் முழுக்க நிறுத்திவைப்பது லித்தியம் பேட்டரிக்குக் கெடுதல். நிறைந்த சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் ஓடாமலே அது வயதாகும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியை அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வது சரிதான். ஏற்றிவிட்டு ஓட்டாமல் காயவிடுவதுதான் தவறு. அதேபோல, அடியோடு தீர்ந்த நிலையில் யார்டில் வாரக்கணக்கில் கிடந்த வண்டியும் ஆபத்து. இதற்குமாறாக, நிழலில் நின்று தினமும் நாலு பேர் ஓட்டிய டெமோ வண்டி, யார்டில் ஒரு வருடம் தூங்கிய “புது” வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கலாம். அதனால் டெமோ என்பதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் மலை. டிஸ்பிளேயில் தெரியும் “இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகும்” என்ற எண், அந்த வண்டி இதுவரை ஓடிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். கோயம்புத்தூரின் சமதள அவிநாசி சாலையில் மட்டும் ஓடிய வண்டியின் ஊகம் நமக்குப் பயன்படாது. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 8 யூனிட்டுக்கு (கிலோவாட் மணி) மேல் மின்சாரம் வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டமும் வழியில் வீணாவதும் தனி. 30 யூனிட் பேட்டரி உள்ள வண்டியில் ஏறத்தாழ பாதி ஊட்டிக்கு வருவதற்குள் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு கல்லாறிலிருந்து பர்லியாறு தாண்டி குன்னூர் வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மலைக்கு அனுப்ப டீலர்கள் தயங்குவார்கள். அவர்கள் ஆளையே ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதும். கிளம்பும்போதும் சேரும்போதும் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் நின்று எடுக்கும்போது இழுவை குறைகிறதா, சக்தி குறைந்ததாக எச்சரிக்கை விளக்கு வருகிறதா என்று பாருங்கள். நலிந்த செல் சமவெளியில் ஒளிந்துகொள்ளும், ஏற்றத்தில் காட்டிக்கொடுத்துவிடும். முடிந்தால் சார்ஜ் முப்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதும் ஒரு ஏற்றம் ஏற்றிப் பாருங்கள்.

இறங்கும்போது கவனிக்க வேண்டியது வேறு. இறக்கத்தில் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அனுப்ப இடம் இல்லை, அந்தப் பிடிப்பு குறைந்துவிடும், பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். ஊட்டியில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கீழே கிளம்புவது நல்லதல்ல. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் பேட்டரி சில்லென்று இருக்கும்போதும் இதே நிலைதான். சோதனை ஓட்டத்திலேயே இந்தப் பிடிப்பின் அளவை மாற்றி மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் லிஃப்டில் ஏற்றி பேட்டரிப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வேகத்தடையில் உரசி நசுங்கிய பெட்டியைக் காட்டி வாரண்டியை மறுக்க முடியும். முன் டயர்களையும் பார்த்துவிடுங்கள். டெமோ ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முழுசாக மிதித்துப் பார்ப்பார்கள், டயர் சீக்கிரம் தேயும். நம் மழைக்கு அது ஆகாது.

வாரண்டியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று சொன்னால், அது நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை. டீலர் பெயரில் பதிவான அல்லது விற்ற நாளிலிருந்தே ஓட ஆரம்பித்திருக்கும். முதல் ஓனருக்கு மட்டும் நீண்டகால வாரண்டி என்று சில மாடல்களுக்கு அறிவித்திருக்கிறார்கள். ஆர்சியில் ஷோரூம் பெயர் இருந்தால் நீங்கள் இரண்டாவது ஓனர். “நாங்கதானே வச்சிருந்தோம், அது கணக்கில் வராது” என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது, இரண்டாம் ஓனருக்கு என்ன கிடைக்கும், பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் சேசிஸ் எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காமல் போகும் வாரண்டிக்கும் ஒரு விலை உண்டு. அதையும் கழித்துக் கேட்பது உங்கள் உரிமை.

ஆசிரியை பார்த்த வண்டியின் ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தது. ஸ்டாக்குக்காக டீலர் வாங்கிய கடன் அது. இது தவறு இல்லை, ஆனால் அது ரத்தாகாமல் பெயர் மாறாது. கடன் பதிவை ரத்து செய்யும் படிவம் 35, வங்கியின் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 எல்லாம் கைக்கு வரும்வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள். முகவரி மாற்றத்தையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் இருக்கிறது, டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிக்கு அது தேவையில்லை. முகவரி மாறினாலும் வண்டி எண் மாறாது, கோயம்புத்தூர் எண்ணைப் பார்த்தால் வழியில் கேட்பார்கள்.

பணம் சம்பந்தமாகச் சுருக்கமாகச் சில. வங்கி இதைப் பழைய வண்டிக் கடனாகத்தான் பார்க்கும், வட்டி கூடும். மின்சாரக் கார் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு என்று இன்னும் சொல்கிறார்கள். 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்தான். 2025 ஜனவரி முதல் டீலர் விற்கும் பழைய மின்சாரக் காருக்கு லாப வித்தியாசத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வண்டியை எடுத்தபோது கட்டிய ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) அவர் ஏற்கெனவே திரும்ப எடுத்திருந்தால் கணக்கு வேறு. எதுவானாலும் பேசிய விலை வரி உட்பட என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதை இந்தப் பேச்சோடு கலக்கவே கூடாது. இங்கே குறைத்ததை அங்கே எடுத்துவிடுவார்கள்.

விலை இனி இறங்காது என்று ஆனபிறகு பொருளாகக் கேளுங்கள். டீலருக்கு ரொக்கம் விடுவதைவிடப் பொருள் தருவது எளிது. புது வண்டியோடு வரும் சுவர் சார்ஜரும் கேபிளும் டெமோ வண்டியில் காணாமல் போயிருக்கும். அவற்றையும், வீட்டில் பொருத்தி எர்த் சோதித்துத் தருவதையும், புது முன் டயர்களையும், திரை, விளக்குகளுக்கான சின்ன 12 வோல்ட் பேட்டரி புதிதாகவும் கேளுங்கள். ஷோரூமில் திரையைப் போட்டே வைத்திருப்பதால் அந்தச் சின்ன பேட்டரிதான் முதலில் போகும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். டீலரின் நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, பிரீமியம் ஏறும்.

டெலிவரி அன்று இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு, வண்டியின் மொபைல் ஆப்பில் ஷோரூமின் கணக்கை உங்கள் கண்முன் நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர்களால் தொடர்ந்து பார்க்க முடியும், சில மாடல்களில் கதவைத் திறக்கவும் முடியும். உங்கள் எண்ணில் புதிதாகப் பதிந்து, உங்கள் போனிலிருந்து ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்த பிறகு டெலிவரித் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.