நாற்பது பேர்தானா? அரிய கிரேக்கக் குடும்பப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு

சிட்னியில் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. பழைய கப்பல் பட்டியல், குடியுரிமைக் கோப்பு, கல்லறைக் கல் என்றுதான் பொழுது போகும். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கிரேக்க வம்சாவளியினர். தமிழனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத வீட்டில் பிறந்தவன் நான். விசா விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் திகைத்து, அப்பாவின் பெயரை எழுதிவைத்தேன். அன்றிலிருந்தே எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் ஒரு கண்.

போன வருடம் ஒரு பெரியவர் சட்டம் போட்ட படம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். இணையத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. மேலே இரட்டைத் தலைக் கழுகு. கீழே அவருடைய குடும்பப் பெயர், அதன் 'பொருள்', பைசாந்தியப் பேரரசர் வழிவந்த குலம் என்ற சேதி. அடியில் தடித்த எழுத்தில், உலகத்தில் இந்தப் பெயர் உள்ளவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு என்று ஒரு வரி. அந்த வரிதான் அவரைப் பாதித்திருந்தது. "எனக்குப் பிறகு இது அழிந்துவிடும் போலிருக்கிறதே" என்றார்.

அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். குடும்பத்தின் ஊர் கித்திரா தீவு என்பது மட்டும் போதும். "உங்கள் தங்கை கல்யாணத்துக்கு இந்தப் பெயரில் எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டார். அந்த ஒரு மண்டபத்திலேயே அறுபது பேராவது இருந்திருப்பார்களாம்.

நாற்பது எங்கிருந்து வந்தது? இந்த மாதிரித் தளங்கள் எழுத்துக்கூட்டலை எண்ணுகின்றன, குடும்பத்தை எண்ணுவதில்லை. கிரேக்கப் பெயரில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம்.

முதலில் பெண்கள். பாபடோபுலோஸ் என்பவரின் மகள் பாபடோபுலு. அது வேறு பெயர் அல்ல, அதே பெயரின் ஆறாம் வேற்றுமை. 'பாபடோபுலோஸினுடைய' என்று பொருள். '-ஆகிஸ்' என்று முடியும் பெயர் பெண்ணுக்கு '-ஆகி' ஆகும், '-இதிஸ்' என்பது '-இது' ஆகும். 1983-ல் வந்த குடும்பச் சட்டத்துக்குப் பிறகு கிரேக்கப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் சட்டப்படி பிறந்த வீட்டுப் பெயர்தான். ஆக, ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெயரிலும் தங்கை இன்னொரு பெயரிலும் பதிவாகியிருப்பார்கள். கணினிக்கு அது இரண்டு குலம். ஆஸ்திரேலியாவில் பிறந்த பெண்களோ பெரும்பாலும் அப்பாவின் பெயரை அப்படியே வைத்துக்கொள்வார்கள். அங்கே பிறந்த அண்ணன் மகள் திரும்பவும் ஆண் கணக்கில் போய்ச் சேருவாள்.

அப்புறம் எழுத்து. எருசலேமுக்கு யாத்திரை போய் யோர்தான் ஆற்றில் முழுகி வந்த கிறிஸ்தவரை 'ஹாட்சி' என்று அழைப்பது வழக்கம். ஹஜ் என்ற அரபுச் சொல்லின் வழியில் வந்தது. அப்படி யாத்திரை போன யானிஸ் என்பவரின் சந்ததி ஹாட்சியானிஸ். அந்த முதல் எழுத்து கிரேக்கத்தில் 'கீ'. 1980களில் வந்த எலோட் 743 என்ற தரவிதிப்படி, ஆங்கிலத்தில் அதற்கு 'சி', 'ஹெச்' என்று இரண்டு எழுத்து போட வேண்டும். கிரேக்க பாஸ்போர்ட் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. முன்பே கப்பலேறியவர்கள் காதில் விழுந்தபடி வெறும் 'ஹெச்' போட்டார்கள். இன்னும் சிலர் நடுவில் 'டி', 'ஜே' சேர்த்து ஹஜ் போலவே எழுதினார்கள். முன்பாதியில் இப்படி மூன்று வடிவம். 'யானிஸ்' என்ற பின்பாதியை 'ஜி', 'ஒய்', 'ஒய்-ஐ' என்று மூன்று விதமாகத் தொடங்கலாம். மும்மூன்று ஒன்பது. ஆண், பெண் வடிவம் சேர்த்தால் பதினெட்டு. ஒரே குடும்பம் பதினெட்டுப் பெட்டிகளில் பிரிந்து கிடக்கும். அதில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு 'அரிய பெயர்' என்று முத்திரை குத்தினால் எப்படி?

வெளிநாடு போனவர்கள் பெயரைச் சுருக்கியது இன்னொரு பக்கம். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஸ்பைரோ ஆக்னியூவின் அப்பா, மெசினியாவின் கார்கலியானி ஊர்க்காரர், பிறப்பில் அனக்னோஸ்டோபுலோஸ். கோயிலில் வேதம் வாசிப்பவரின் மகன் என்று பொருள். 'ஆக்னியூ' என்பதைப் பார்த்து யார் அதைக் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் 'நியூயார்க் எல்லிஸ் தீவில் குடியேற்றக் குமாஸ்தா தாத்தாவின் பெயரை மாற்றிவிட்டான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயணிகள் பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி தயாரித்தது. எல்லிஸ் தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரைப் பின்னால் மாற்றிக்கொண்டது பெரும்பாலும் தாத்தாவேதான், கடைப் பலகைக்காகவோ குடியுரிமைக்காகவோ.

இந்தப் பெயர் இன்று எங்கே அதிகம் என்று வரைபடம் காட்டுகிறார்களே, அதையும் யோசித்துப் பாருங்கள். 2021 கணக்கெடுப்பில் கிரேக்கத்தின் மக்கள்தொகை ஒரு கோடியே ஐந்து லட்சத்தை ஒட்டி வந்தது. அதில் 38 லட்சம் பேர் ஏதென்ஸைச் சுற்றிய அட்டிக்காவில் இருக்கிறார்கள். எந்தப் பெயரைத் தட்டினாலும் ஏதென்ஸ் சிவப்பாகத்தான் தெரியும். தொலைபேசிப் புத்தகத்தை வைத்துப் போட்ட வரைபடம் என்றால் இதைத் தாண்டி ஒன்றும் சொல்லாது. வாக்காளர் பட்டியல் கொஞ்சம் பரவாயில்லை. ஏதென்ஸில் முப்பது வருடம் குடியிருந்தாலும் பலர் சொந்த ஊர் நகராட்சியின் பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அதனால் எண்ணிக்கை எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று கேட்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.

சரி, பெயரின் முடிவைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடலாமே என்பார்கள். ஓரளவுக்குச் சொல்லலாம். '-ஓபுலோஸ்' என்றால் தெற்கிலுள்ள பெலொப்பொனீஸ் தீபகற்பம், '-ஆட்டோஸ்' என்றால் கெஃபலோனியா, '-எல்லிஸ்' என்றால் லெஸ்போஸ், '-இதிஸ்' என்றால் கருங்கடல் கரை, '-ஓக்லு' என்றால் சின்ன ஆசியா. நானும் முதல் பார்வையில் இப்படித்தான் ஊகிப்பேன். ஆனால் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்ட 1923 லோசான் உடன்படிக்கைப்படி பன்னிரண்டு லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் துருக்கிப் பக்கத்திலிருந்து கிரேக்கத்தின் கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் துருக்கி வாடை அடிக்கிறது என்று '-ஓக்லு'வை '-இதிஸ்' ஆகவோ '-ஓபுலோஸ்' ஆகவோ மாற்றிக்கொண்டார்கள். பெலொப்பொனீஸை ஒரு நாளும் பார்த்திராதவர்களும் '-ஓபுலோஸ்' ஆனார்கள்.

'-ஆகிஸ்' விஷயம்தான் எனக்குப் பிடித்தது. கிரீட் தீவின் அடையாளம் அது என்று எல்லாருக்கும் தெரியும். துருக்கியர் கிரீட்டைப் பிடித்தபோது மக்களைச் சிறுமைப்படுத்த, 'குட்டி' என்று பொருள்படும் இந்த ஒட்டைத் திணித்தார்கள் என்று ஒரு கதையும் கூடவே வரும். பிரான்சின் கார்சிகா தீவில் கார்ஜேஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. லத்தீன் கோயிலும் கிரேக்கக் கோயிலும் அங்கே எதிரெதிரே நிற்கும். அந்த ஊர் பழைய குடும்பங்களின் பெயர்கள் பாபடாச்சி, டிரகாச்சி என்று இத்தாலி மொழி போல இருக்கும். எல்லாம் பாபடாகிஸ், டிரகாகிஸ்தான். 1675-ல் பெலொப்பொனீஸின் தென்முனையான மானியில், ஒய்டிலோ ஊரிலிருந்து எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறி, ஜெனோவா வழியாகக் கார்சிகா போய்க் குடியேறினார்கள். கார்ஜேஸ்காரர்கள் அவர்கள் வழிவந்தவர்கள். கிரீட்டின் தலைநகர் துருக்கியரிடம் விழுந்தது 1669-ல். ஆறே வருடத்தில், துருக்கியர் ஆட்சி பெயரளவில் மட்டுமே இருந்த மானிக்காரர்கள் இந்த ஒட்டைச் சுமந்துகொண்டு கிளம்பியிருக்கிறார்கள். சிறுமைப்படுத்திய கதை இதில் எங்கே ஒட்டுகிறது? இன்றைக்கு மானிக்காரரின் அடையாளமாகச் சொல்லப்படும் '-ஆகோஸ்', '-எயாஸ்' இரண்டையும் அந்தக் கார்ஜேஸ் பெயர்களில் தேட வேண்டியிருக்கிறது. 1988-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மைக்கேல் டுகாகிஸின் அப்பா பிறந்ததோ துருக்கியின் எத்ரெமித் நகரில்.

ஊர்ப் பெயரே குடும்பப் பெயரானதும் உண்டு. அதிலும் ஏமாற இடமிருக்கிறது. நவீன கிரேக்கத்தின் முதல் ஆளுநர், 1831-ல் நாஃப்பிலியோவில் கொல்லப்பட்ட கப்போடிஸ்ட்ரியாஸின் பெயர் எந்தக் கிரேக்க ஊரையும் குறிக்காது. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள கோப்பர் துறைமுகத்தின் இத்தாலியப் பெயர் கப்போடிஸ்ட்ரியா. முன்னோர் அங்கிருந்து கோர்ஃபு தீவுக்கு வந்தவர்கள்.

அரசகுலக் கதைக்கு வருவோம். பைசாந்தியத்தின் கொம்னினோஸ் வம்சம் 1081 முதல் 1185 வரை கான்ஸ்டான்டினோப்பிளில் ஆண்டது. இன்று கொம்னினோஸ் என்ற பெயர் உள்ளவர் அந்த வம்சம் என்பதற்கு அந்தப் பெயர் மட்டும் சான்றாகாது. மேலே சொன்ன கார்சிகா கிரேக்கர்களின் தலைவர் குடும்பம் ஸ்டெஃபானோபோலி. தாங்கள் கொம்னினோஸ் வாரிசு என்று சொல்லி, 1782-ல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் பத்திரமே வாங்கினார்கள். மன்னர் கையெழுத்துப் போட்ட வம்சாவளியையே ஆய்வாளர்கள் நம்பவில்லை. இணையத்தில் அட்டையோடு வரும் வம்சாவளியை நான் எப்படி நம்புவது? கிரேக்க அரசியல் சட்டத்தின் நான்காம் பிரிவு குடிமக்களுக்குப் பிரபுப் பட்டம் கிடையாது என்று தெளிவாகச் சொல்கிறது. வெனிஸ் ஆண்ட தீவுகளில் பிரபுக்களின் பெயரேடு இருந்தது உண்மை. கோர்ஃபுவில் அதை 1797-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது நடுத்தெருவில் கொளுத்திவிட்டார்கள்.

கித்திராவுக்கும் சிட்னிக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. அங்கிருந்து 1873-ல் வந்த அத்தனாசியோஸ் கொம்னினோஸ் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மீன்கடை போட்டார். ஆங்கிலத்தில் அவர் 'கொமினோ' ஆனார். ஒரு மெய்யும் கடைசி 'ஸ்'ஸும் போயின. சிப்பி வியாபாரத்தில் அந்தக் குடும்பம் பெயர் வாங்கியது. பின்னாலேயே தீவுக்காரர்கள் வந்து நியூ சவுத் வேல்ஸின் சின்னச் சின்ன ஊர்களில்கூட கஃபே திறந்தார்கள். 1916-ல், கிரேக்க அரசர் ஜெர்மனி பக்கம் சாய்வாரோ என்ற சந்தேகத்தில், ஆஸ்திரேலிய அரசு காவலர்களை வைத்து இங்குள்ள கிரேக்கர்களை ரகசியமாகக் கணக்கெடுத்தது. கஃபேக்காரர் சொன்னது காவலருக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதினார். இன்று எனக்கு அது தங்கச் சுரங்கம், எழுத்துப்பிழை உட்பட.

என்னிடம் வருவதற்கு முன் மூன்று விஷயத்தைத் தேடி வையுங்கள் என்பேன். கிரேக்க எழுத்திலேயே எழுதிய பெயர், ஊர், தாத்தாவின் அப்பா பெயர். முதலாவது பெரும்பாலும் கல்லறையில் கிடைக்கும். பெரியவரோடு ஒரு நாள் ரூக்வுட் மயானத்துக்குப் போனேன். கல்லின் முகப்பில் ஆங்கிலம். அடியில் புல் மூடிய இடத்தை அவர் கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க, கிரேக்கத்தில் முழுப் பெயரும் 'கித்திரா' என்பதும் வந்தன. ஆங்கிலத்தில் இல்லாத ஓர் அசை அதில் இருந்தது. அந்த அசையைச் சேர்த்துத் தேடியதும் நாற்பது பல மடங்காகிவிட்டது.

அப்பா பெயர் ஏன் என்றால், மூத்த பேரனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். நம் ஊரில் 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்'தானே, அதே கதை. நாலு அண்ணன் தம்பிகள் இருந்தால் நாலு வீட்டிலும் அதே பெயரில் ஒரு பையன் இருப்பான். குடும்பப் பெயரும் ஒன்று. அப்பா பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

கித்திராவில் அதுவும் போதவில்லை. 1537-ல் துருக்கியக் கடற்படைத் தளபதி பார்பரோசா தீவின் தலைநகரைச் சூறையாடிய பிறகு, வெளியிலிருந்து வந்த குடும்பங்களால் மீண்டும் நிரம்பிய தீவு அது. சில பெயர்கள் ஊர் ஊராகப் பெருகின. கிரேக்கம் முழுக்கத் தேடினால் அரிது, அந்த ஊருக்குள் போனால் பக்கத்து வீட்டுக்காரரும் அதே பெயர். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்கு 'பராட்சூக்லி' என்று பெயர். பழைய ஏடுகளிலேயே குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருப்பார்கள்.

பெரியவருக்காகத் தீவுக்குத் தொலைபேசியில் பேசினோம். எதிர்முனையில் இருந்த அம்மாள் பெயரைக் கேட்டதும், "எந்த வீட்டுக்காரர்? பராட்சூக்லி என்ன?" என்றார். பெரியவருக்குத் தெரியவில்லை. தொண்ணூறு தாண்டிய ஓர் அத்தை முதியோர் இல்லத்தில் இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அடுத்த ஞாயிறு போனோம். பிள்ளைகளின் பெயரையே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அந்த அம்மா, பட்டப்பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நர்ஸ் இருக்கும்போது சொல்ல மாட்டேன் என்றார். நர்ஸ் வெளியே போன பிறகும் சொல்லவில்லை, என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். பெரியவரின் முகம் சிவந்துவிட்டது.

அந்த வார்த்தையை நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அதைச் சொன்ன இரண்டாவது வாரம் கொள்ளுத்தாத்தாவின் பதிவு நகல் வந்து சேர்ந்தது.