பத்திரத்தில் வரும் 'லெட்' அனுமதி அல்ல, தடை

'லெட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தவறாகப் பெயர்த்த ஆவணங்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஆங்கிலக் கிரயப் பத்திரம் ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கக் கொண்டுவந்த பெரியவர், ஒரு வரியில் விரலை வைத்து, "வாங்கின வீட்டை நான் வாடகைக்கு விடக் கூடாதா தம்பி?" என்று கேட்டார். 'வாடகைக்கு விடாமலும் இடையூறில்லாமலும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்றிருந்தது. மூலத்தில் இருந்ததோ 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' (without let or hindrance), அதாவது எந்தத் தடையும் இடையூறும் இல்லாமல். முந்தைய இரண்டு ஆவணங்களிலும் அதே தொடர் 'அனுமதியின்றி' என்று ஆகியிருந்தது; யாருடைய அனுமதி என்று மொழிபெயர்த்தவர் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

'லெட் என்றால் அனுமதிப்பதுதானே' என்று பலரும் என்னிடம் வாதிடுகிறார்கள். அந்த லெட் வேறு, இந்த லெட் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றால் விடுதல். 'லெட்டன்' என்றால் தடுத்தல், தாமதப்படுத்தல். ஒரே சொல் தன் பொருளைத் தலைகீழாக்கிக்கொண்டது என்று எண்ண வேண்டாம். தனித்தனியான இரண்டு வினைகள் காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. தடுக்கும் லெட், 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் வினையாகவே வழங்குகிறது: இரண்டாம் தெசலோனிக்கேயர் 2:7இல் 'லெட்டெத்' என்று வருமிடத்தில் நம் தமிழ் வேதாகமம் 'தடைசெய்கிறவன்' என்கிறது. பின்னர் அந்த வினை வழக்கொழிந்தது; பெயர்ச்சொல் மட்டும் சட்டத் தொடர்களிலும், வலையில் உரசிய சர்வீசை மீண்டும் போடச் சொல்லும் டென்னிசிலும் தங்கிவிட்டது.

உங்கள் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். அதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' செல்ல அனுமதிக்குமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்கப்பட்டிருக்கிறது. அனுமதிக்க 'அலவ்' என்ற சொல் அதே வாக்கியத்தில் தனியாக இருக்கிறது. இதற்குத் 'தங்குதடையின்றி' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை: தங்குதல் தாமதம், தடை தடையே; ஆங்கில இணையைப் போலவே நம் இணையும் ஒரே கருத்தை இருமுறை சொல்லி உறுதிப்படுத்துகிறது.

ஆகவே, மொழிபெயர்ப்புச் செயலி தந்ததை அப்படியே ஒட்டாதீர்கள். 'ஆர்' என்பதற்கு அடுத்த சொல்லைப் படியுங்கள். சட்ட ஆங்கிலம் ஒருபொருட் சொற்களை இணைத்தே எழுதும். அதற்காக ஆவணம் முழுவதும் உள்ள லெட்டை ஒரே மூச்சில் 'தடை' என்று மாற்றியும் விடாதீர்கள். 'லெட் அவுட்', 'சப்லெட்' என்று வருமிடங்களில் அது வாடகைதான். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து எழுதுங்கள்.